பேரை மாத்தினாலும் மாறாதது

டிஸ்க்ரீட் மேத்ஸ் பேப்பரில் யூனிட் 4-ன்னு சொன்னாலே நம்ம டிபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் முகம் சுருங்கிடும். லாஜிக் ஓகே, காம்பினேட்டரிக்ஸ் ஓகே, கிராஃப் படம் போட்டாவது மார்க் வாங்கிடலாம். அல்ஜிப்ராயிக் ஸ்ட்ரக்சர்ஸ்? "லக்ராஞ்சி தேற்றம் 16 மார்க்குக்கு வரும், மனப்பாடம் பண்ணிக்கோ" என்பதுதான் சீனியர்கள் நமக்குக் கொடுத்துட்டுப் போன சொத்து.

நானும் அந்தச் சொத்தோடதான் பரீட்சை எழுதினேன். ஆனா அந்த யூனிட் முடியற அன்னைக்கு மேடம் போர்டின் ஓரத்தில் ஒரு கணக்கு எழுதினாங்க. "சிலபஸில் இல்லை. லீவில் பொழுது போகலைன்னா போட்டுப் பாருங்க" என்றார்கள். கணக்கு இதுதான்: நாலு பொருள்களின் வரிசைமாற்றக் குலத்தில் கேரக்டரிஸ்டிக் உட்குலங்கள் எவை எவை?

தமிழ் மீடியத்தில் படிச்சு வந்தவங்களுக்கு 'குலம்' புதுசு இல்லை. பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் க்ரூப்புக்கு அந்தப் பேர்தான். இந்தக் கட்டுரையில் குலம், உட்குலம்னே எழுதறேன். நார்மல், கேரக்டரிஸ்டிக் ரெண்டையும் நாம கிளாஸில் சொல்ற மாதிரியே விட்டுடறேன்.

லீவில் எனக்குப் பொழுது போகாம இல்லை. எங்க வீடு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில். வீட்டில் தறி. லீவுன்னா எனக்கு வேலைன்னு அர்த்தம். இருந்தாலும் அந்தக் கணக்கு மண்டையில் ஓடிக்கிட்டே இருந்தது. ஒரு மாசத்தில் அதை ரெண்டு வழியில் போட்டேன், கையால் ஒரு தடவை, பைத்தானில் ஒரு தடவை. அந்த ஒரு மாசத்தில் வீட்டில் வேற ஒரு கணக்கும் ஓடிக்கிட்டிருந்தது. அதையும் சொல்றேன்.

நாலு வீதி, 24 வழி

1, 2, 3, 4-ன்னு எண் போட்டா எனக்கு மனசில் நிக்காது. அதனால் எங்க ஊர் ராஜ வீதிகளை எடுத்துக்கிட்டேன். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குன்னு நாலு ராஜ வீதி. திருவிழாவுக்குத் தேர் சுத்தற வீதிகள். சுருக்கமா கி, மே, வ, தெ.

இந்த நாலு பேர்ப்பலகையையும் கழட்டி மறுபடி மாட்டறோம்னு வைங்க. எத்தனை விதமா மாட்டலாம்? 4 × 3 × 2 × 1 = 24. இந்த 24 'மாத்தி மாட்டும்' செயல்களும் சேர்ந்ததுதான் நம்ம குலம், எஸ்4. ஒரு மாத்தலுக்கு மேல் இன்னொரு மாத்தல் செஞ்சா அதுவும் அந்த 24-க்குள்ளேயே ஒண்ணு. அதுதான் இங்கே பெருக்கல்.

இந்த 24-ஐயும் வகை பிரிச்சா ஐந்து வகைதான் வரும். எதையும் அசைக்காதது 1. ரெண்டு பலகையை மட்டும் இடம் மாத்தறது, உதாரணமா (கி மே), மொத்தம் 6. ரெண்டு ஜோடியா மாத்தறது, (கி மே)(வ தெ) மாதிரி, 3. மூணு பலகையைச் சுத்தி விடறது 8. நாலையும் சுத்தி விடறது 6. கூட்டிப் பாருங்க: 1 + 6 + 3 + 8 + 6 = 24. இந்த ஐந்து எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. மிச்சக் கதை முழுக்க இதிலிருந்துதான் வருது.

உட்குலம்னா அந்த 24-ல் சிலதை மட்டும் எடுத்து, அதுக்குள்ளேயே பெருக்கினா வெளியே போகாத கூட்டம். லக்ராஞ்சி தேற்றப்படி அதன் அளவு 24-ஐ வகுக்கணும். 1, 2, 3, 4, 6, 8, 12, 24 தவிர வேற அளவு வராது.

எல்லா உட்குலத்தையும் கோடு எழுதிக் கண்டுபிடிக்கணும்னா முதலில் தோணறது, எல்லா உட்கணத்தையும் சோதிக்கறது. 24 உறுப்புக்கு உட்கணங்கள் 1,67,77,216. என் லேப்டாப்பே அதைச் செஞ்சு முடிச்சுடும், ஆனா அவசியமே இல்லை. எஸ்4-ல் எந்த உட்குலத்தையும் அதிகபட்சம் ரெண்டு உறுப்பிலிருந்து பெருக்கிப் பெருக்கி உருவாக்கிடலாம். அதனால் 24 × 24 = 576 ஜோடியை எடுத்து, ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு தூரம் பெருகுதுன்னு பார்த்து, ஒரே மாதிரி வந்ததை நீக்கினா போதும். கண் சிமிட்டறதுக்குள் விடை வந்துடும்: 30 உட்குலங்கள்.

அளவு வாரியா சொன்னா: 1 அளவில் 1, 2 அளவில் 9, 3 அளவில் 4, 4 அளவில் 7, 6 அளவில் 4, 8 அளவில் 3, 12 அளவில் 1, 24 அளவில் 1. கூட்டினா 30.

30-லிருந்து 4

இப்போ நார்மல். புத்தகத்தில் ஒரு சூத்திரம் போட்டு முடிச்சிருப்பாங்க. வீதிக் கணக்கில் அது ரொம்பச் சாதாரணம். நகராட்சி திடீர்னு "இனி கிழக்கு ராஜ வீதிக்கு வடக்குன்னு பேர், வடக்குக்குக் கிழக்குன்னு பேர்" என்று அறிவிக்குதுன்னு வைங்க. நேத்து வரை (கி மே) என்று நான் எழுதினது இன்னைக்கு (வ மே). அதாவது, "ஒண்ணும் செய்யாதே, அல்லது கி-யையும் மே-யையும் மாத்து" என்ற ரெண்டு உறுப்பு உட்குலம் வேற உட்குலமா ஆயிடுச்சு. நாலு வீதிக்கும் எப்படிப் பேர் மாத்தி வச்சாலும் எந்த உட்குலம் அப்படியே நிக்குதோ அதுதான் நார்மல்.

பேர் மாத்தினா (கி மே) எந்த இரட்டை மாத்தலா வேணா ஆகலாம். அதனால் நார்மல் உட்குலத்துக்குள் ஒரு வகையில் ஒண்ணு இருந்தா அந்த வகை முழுசும் உள்ளே இருக்கணும். இப்போ அந்த ஐந்து எண்ணை எடுங்க. எதையும் அசைக்காத 1 கட்டாயம் உண்டு. அதோட 6, 3, 8, 6 இவற்றில் எதையெல்லாம் சேர்த்தா 24-ஐ வகுக்கும் எண் வரும்?

1 + 3 = 4, வகுக்கும். 1 + 3 + 8 = 12, வகுக்கும். எல்லாம் சேர்ந்து 24. எதுவும் சேர்க்காம 1. மத்ததெல்லாம் போட்டுப் பாருங்க: 7, 9, 10, 13, 15, 16, 18, 21. ஒண்ணுகூட 24-ஐ வகுக்காது. முடிஞ்சது. 30 உட்குலத்தில் நார்மலா இருக்க வாய்ப்புள்ளவை நாலே நாலு. பெருக்கிப் பார்த்தா நாலும் உட்குலம்தான்னு உறுதியாகுது. கோடும் வேண்டாம், ஒரு டீ ஆறறதுக்குள் கையால் போட்டுடலாம். எனக்கு இந்தக் கணக்கு பிடிச்சுப் போன இடம் இதுதான்.

அந்த 12 அளவு உட்குலத்துக்கு ஏ4-ன்னு பேர். ஜெராக்ஸ் கடை ஏ4 இல்லை, ஆல்டர்னேட்டிங் குலம். 4 அளவு உட்குலத்துக்கு க்ளைன் குலம்னு பேர். அதில் இருப்பது அசையாத ஒண்ணும், ரெண்டு ஜோடியா மாத்தற மூணும்.

இந்த க்ளைன் குலத்தை அப்பாவுக்குச் சொல்லிக் காட்டினேன். "அப்பா, நாலு ராஜ வீதியை ரெண்டு ரெண்டா ஜோடி சேர்க்கணும். எத்தனை வழி?" அவர் கையில் ஊடைக்கு நூல் சுத்திக்கிட்டே சொன்னார்: "எதிர் எதிரா சேர்த்தா ஒண்ணு. பக்கத்துப் பக்கமா சேர்த்தா ரெண்டு. மூணு." பேப்பர் பேனா எதுவும் கேட்கலை. சரியான விடை. கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்பது ஒண்ணு. கிழக்கு-வடக்கு, மேற்கு-தெற்கு என்பது ரெண்டாவது. கிழக்கு-தெற்கு, மேற்கு-வடக்கு மூணாவது. 24 மாத்தலில் எதைச் செஞ்சாலும் இந்த மூணு ஜோடி சேர்ப்பும் தங்களுக்குள் இடம் மாறும், அவ்வளவுதான். மூணையுமே கலைக்காம விடற மாத்தல்கள் எவைன்னு தேடினா சரியா க்ளைன் குலத்தின் 4 உறுப்பு கிடைக்கும்.

"சரிம்மா, இதை வச்சு என்ன பண்ணுவ?" என்றார் அப்பா. அதுக்கு அப்போ நான் பதில் சொல்லலை.

திருப்பிப் பாருங்க

காஞ்சிபுரம்னா பட்டுன்னு எல்லோருக்கும் தெரியும். கோர்வைன்னா என்னன்னு பட்டு கட்டறவங்களுக்கே முழுசாத் தெரியறதில்லை. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டுக்கும் தனித்தனிப் பாவு, தனித்தனி ஊடை. மூணு நாடா ஓடணும். ஒரு கரைக்கு ஒண்ணு, உடலுக்கு ஒண்ணு, அடுத்த கரைக்கு ஒண்ணு. உடல் நூலும் கரை நூலும் சந்திக்கிற இடத்தில் ஒண்ணை ஒண்ணு கோத்துக்கணும். ஒரு ஆளால் இதை நெய்ய முடியாது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ஒரு கரை நாடாவைத் தள்ளணும். பள்ளிக்கூட லீவில் எல்லாம் எங்க வீட்டில் அந்த ஆள் நான்தான்.

எங்க வீட்டில் ரெண்டு தறி இருந்தது. ரெண்டாவது தறியில் துணைக்கு வந்துக்கிட்டிருந்தவர் கம்பெனி வேலைக்குப் போயிட்டார். மாசச் சம்பளம், பஸ் வந்து கூட்டிட்டுப் போகுது, யார் அவரைக் குறை சொல்ல முடியும்? வேற ஆள் தேடி நாலு மாசம் தறி சும்மாவே நின்னது. பிப்ரவரியில் அதைப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. அந்தப் பணத்தில்தான் என் ஃபீஸ் கட்டினோம்.

தறி பார்க்க வந்தவர்களில் ஒருத்தர், வியாபாரிதான், அப்பாகிட்ட பேச்சுவாக்கில் சொன்னார்: "இப்போ எல்லாமே ஒண்ணுதாங்க. கலர் நல்லா இருந்தா வித்துடும். கைத்தறியா விசைத்தறியான்னு யார் பார்க்கறா?"

அப்பா சத்தம் போடற ஆள் இல்லை. மெதுவா ஒரு புடவையை எடுத்துத் திருப்பிப் போட்டார். "கலரைப் பார்த்து வாங்கறவங்க ஏமாறுவாங்க. திருப்பிப் பார்க்கறவங்க ஏமாற மாட்டாங்க" என்றார். உடலும் கரையும் சேர்ற கோர்வையைக் காட்டினார். முந்திப் பாவை உடல் பாவோட இழை இழையா இணைச்ச பேட்னியைக் காட்டினார். சரிகையை லேசாச் சுரண்டினா உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியணும், அதுக்கு மேல்தான் வெள்ளி, அதுக்கு மேல் தங்கம்னு சொன்னார். நிறம் எதுவா இருந்தாலும், டிசைன் எதுவா இருந்தாலும், இந்தக் கேள்விகளுக்கு விடை மாறாது.

சட்டமும் ஏறத்தாழ இந்த வழியில்தான் யோசிச்சிருக்கு. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யணும்னு 1985-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-ல் கிடைச்சது. ஆனா கடையில் நிக்கிற ஆளுக்குத் திருப்பிப் பார்க்கத் தெரியலைன்னா சட்டம் இருந்தும் பாதிப் பயன்தான்.

அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தபோதுதான் கேரக்டரிஸ்டிக் என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு முழுசாப் பிடிபட்டது.

கோலம் சாயும்போது

நார்மலுக்கும் கேரக்டரிஸ்டிக்குக்கும் என்ன வித்தியாசம்? நார்மல் என்பது நாலு வீதிக்குப் பேர் மாத்தினா தாங்கும். கேரக்டரிஸ்டிக் அதைவிடக் கடுமையான பரீட்சை. 24 × 24 கட்டம் போட்டுப் பெருக்கல் அட்டவணை எழுதுங்க. வீதிகளை மறந்துடுங்க. இப்போ அந்த 24 உறுப்புக்கும் உங்க இஷ்டத்துக்குப் புதுப் பேர் வைங்க, ஆனா அட்டவணை அப்படியே பழைய அட்டவணையா இருக்கணும். இப்படிப்பட்ட பேர் மாத்தலுக்குத்தான் ஆட்டோமார்பிசம்னு பேர். எல்லா ஆட்டோமார்பிசத்திலும் அசையாம நிக்கிற உட்குலம் கேரக்டரிஸ்டிக். வீதிப் பேர் மாத்தலும் இதில் ஒரு வகை என்பதால் கேரக்டரிஸ்டிக் எல்லாமே நார்மல். ஆனா நார்மல் எல்லாம் கேரக்டரிஸ்டிக் இல்லை.

இதுக்கு நல்ல உதாரணம் எங்க வீட்டு வாசலிலேயே இருக்கு. அம்மா போடற புள்ளிக் கோலம். ஐந்துக்கு ஐந்து சதுரமாப் புள்ளி வச்சா ஒரு சதுரம். 1, 3, 5, 3, 1-ன்னு வரிசை வச்சா வைர வடிவம், அதாவது 45 டிகிரி சாய்ஞ்ச சதுரம். ரெண்டுக்கும் எட்டுச் சமச்சீர் உண்டு. நாலு சுழற்சி, நாலு கண்ணாடி. இந்த எட்டும் சேர்ந்த குலத்துக்கு டி4-ன்னு வைப்போம்.

நேர்க்கோட்டுக் கண்ணாடிகள், அதாவது மேல்-கீழ், இடம்-வலம் பிரிக்கிற ரெண்டையும் எடுங்க. கூட அரைச் சுற்றும், அசையாததும். இந்த நாலும் ஒரு உட்குலம், நார்மல்தான். மூலைவிட்டக் கண்ணாடி ரெண்டை வச்சு இதே மாதிரி இன்னொரு உட்குலம், அதுவும் நார்மல். சதுரக் கோலத்தில் நேர்க்கோட்டுக் கண்ணாடி பக்கங்களின் நடுவே போகும், மூலைவிட்டக் கண்ணாடி மூலைகள் வழியே போகும். வைரக் கோலத்தில் அப்படியே தலைகீழ், நேர்க்கோட்டுக் கண்ணாடிதான் மூலைகள் வழியே போகும். படத்தைப் பார்க்காம பெருக்கல் அட்டவணையை மட்டும் கையில் கொடுத்தா, எது மூலை வழியே போற ஜோடி, எது பக்க நடுவில் போற ஜோடின்னு யாராலும் சொல்ல முடியாது. அதனால் ரெண்டு உட்குலமும் கேரக்டரிஸ்டிக் இல்லை.

ஆனா அரைச் சுற்றை யாராலும் மறைக்க முடியாது. எல்லா உறுப்போடவும் முன்பின் மாத்திப் பெருக்கினாலும் ஒரே விடை தர்ற, அசையாததல்லாத ஒரே உறுப்பு அதுதான். அட்டவணையைப் பார்த்தே கண்டுபிடிச்சுடலாம். டி4-ல் மொத்தம் 10 உட்குலம், அதில் நார்மல் 6, கேரக்டரிஸ்டிக் 4.

கோலத்தைக் கணிதமாப் பார்க்கறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-லேயே கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்கறது பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்காங்க. நம்ம தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரில் வர்ற கிராமர், கோலத்துக்கும் பொருந்தும்.

விடை

இனி எஸ்4. வாய்ப்புள்ளவை நாலே நாலு. ஆட்டோமார்பிசம் ஒண்ணுகூடக் கண்டுபிடிக்காம நாலும் கேரக்டரிஸ்டிக்னு காட்ட முடியும். அப்பா சொன்ன வழிதான். பேரைச் சுட்டாம, அமைப்பை மட்டும் கேட்கிற ஒரு கேள்வியால் அந்த உட்குலத்தை வர்ணிச்சுட்டா போதும்.

கேள்வி இது: ரெண்டு உறுப்பை எடு. முதலாவதைச் செய், ரெண்டாவதைச் செய், முதலாவதைத் திருப்பு, ரெண்டாவதைத் திருப்பு. மிச்சம் என்ன வருது? கம்யூட்டேட்டர்னு சொல்றோமே, அது. எஸ்4-ன் எல்லா ஜோடிக்கும் இதைச் செஞ்சு, வர்றதையெல்லாம் சேர்த்துப் பெருக்கினா ஏ4 கிடைக்கும். ஏ4-க்குள் இதையே செஞ்சா க்ளைன் குலம். க்ளைன் குலத்துக்குள் செஞ்சா வெறும் 1. இந்த வர்ணனையில் கிழக்கு, மேற்குன்னு ஒரு சொல்கூட இல்லை. எந்தப் பேர் மாத்தலிலும் இது மாறாது. ஆக எஸ்4-ன் கேரக்டரிஸ்டிக் உட்குலங்கள்: 1, க்ளைன் குலம், ஏ4, எஸ்4. மொத்தம் 4.

பைத்தானில் இதைச் சரிபார்த்தேன். (கி மே) என்ற ஒரு இரட்டை மாத்தலும், நாலையும் கி, மே, வ, தெ வரிசையில் சுத்தற ஒரு சுழற்சியும் போதும், எஸ்4 முழுசும் அவற்றிலிருந்து வந்துடும். அதனால் ஆட்டோமார்பிசம் இந்த ரெண்டையும் எங்கே அனுப்புதுன்னு தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி. முதலாவது, இரண்டு தடவை செஞ்சா பழையபடி ஆகிற உறுப்புக்குத்தான் போக முடியும்: 6 + 3 = 9 வழி. ரெண்டாவது, நாலு தடவை செஞ்சா பழையபடி ஆகிறதுக்கு: 6 வழி. 9 × 6 = 54 வாய்ப்பு. அட்டவணையோடு ஒத்துப் பார்த்தா 54-ல் 24 மட்டும் தேறும். அந்த 24-ம் என்ன தெரியுமா? சாட்சாத் வீதிப் பேர் மாத்தல்கள்தான். வேற ஒரு ஆட்டோமார்பிசமும் கிடையாது.

ஏன்? கிழக்கைத் தொடுகிற இரட்டை மாத்தல்கள் மூணு: (கி மே), (கி வ), (கி தெ). ஆட்டோமார்பிசம் ஒரு வகையை அதே எண்ணிக்கையுள்ள வகைக்குத்தான் அனுப்பும். 6 பேர் உள்ள வகை 3 பேர் உள்ள வகைக்குப் போக முடியாது. அதனால் இந்த மூணும் மூணு இரட்டை மாத்தலுக்கே போகும். மூணில் எந்த ரெண்டும் முன்பின் மாத்தினா விடை மாறும், எனவே அவற்றுக்குப் பொதுவா ஒரு வீதி இருக்கணும். மூணுக்கும் ஒரே பொது வீதியா, இல்லை முக்கோணமா சுத்தி வருதா? முக்கோணம்னா மூணு வீதியை மட்டும்தான் அசைக்கும், 6 உறுப்போட நின்னுடும். நம்ம மூணு 24-ஐயும் உருவாக்கும். ஆகவே ஒரே பொது வீதிதான். அந்த வீதிதான் கிழக்குக்குப் புதுப் பேர்.

பெரிய குலத்துக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. எஸ்5-க்கு 156 உட்குலம், எஸ்6-க்கு 1,455. எஸ்6-ல் 'ரெண்டு உறுப்பு போதும்' என்ற வசதி போயிடும். (1 2), (3 4), (5 6) மூணும் சேர்ந்து உருவாக்கும் உட்குலத்தை எந்த ரெண்டு உறுப்பாலும் உருவாக்க முடியாது. எஸ்6-ல் இன்னொரு அதிசயமும் உண்டு. அங்கே இரட்டை மாத்தல் 15, மூணு ஜோடியா மாத்தறதும் 15. எண்ணிக்கை சமம். அந்த ரெண்டு வகையையும் இடம் மாத்தற ஒரு ஆட்டோமார்பிசம் நிஜமாவே இருக்கு. 1895-ல் ஹோல்டர் காட்டினார். இப்படி ஒண்ணு இருப்பது எல்லா எஸ்-களிலும் எஸ்6-ல் மட்டும்தான். இந்த மாதிரிக் கணக்குக்கு 'கேப்' என்ற இலவச மென்பொருள் இருக்கு. ஜெர்மனியின் ஆஹன் நகரில் 1986-ல் தொடங்கினது. கேரக்டரிஸ்டிக் உட்குலங்களைக் கேட்க அதில் ஒரே ஒரு கட்டளை போதும். ஆனா முதலில் கையால் போடுங்க.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

இதை வச்சு என்ன பண்ணுவ?

நாலாம் படிச் சமன்பாட்டுக்குத் தீர்வு சூத்திரம் இருக்கு. ஃபெராரி கண்டுபிடிச்சது, கார்டானோவின் புத்தகத்தில் 1545-ல் அச்சானது. அது ஏன் வேலை செய்யுது என்பதுக்குக் காரணம் அப்பா சொன்ன அந்த மூணு ஜோடிதான். நாலு தீர்வை ஜோடி சேர்த்துப் பெருக்கிக் கூட்டினா மூணே மூணு மதிப்புதான் வரும். அதனால் நாலாம் படிக் கணக்கு மூணாம் படிக் கணக்கா இறங்கும். இதைக் கவனிச்சவர், நாம 16 மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின அதே லக்ராஞ்சி. எஸ்5-ல் ஏ5-க்குக் கீழே இறங்க இப்படி ஒரு படியே இல்லை. அதனால்தான் ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது. 1824-ல் ஆபெல் நிரூபிச்சார். அதை உட்குலங்களின் கதையாச் சொன்ன கால்வா 1832-ல் 20 வயசிலேயே செத்துப் போனார்.

இதை அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னேன். தறியில் நான் கரை நாடா தள்ள, அவர் கேட்டுக்கிட்டே நெய்தார். கடைசியில் கேட்டது ஒண்ணுதான்: "இதைப் படிக்க இன்னும் எத்தனை வருஷம்?"

ரெண்டு வருஷம் எம்எஸ்சி, பிறகு இழுத்தா இன்னும் ஐந்து. கேம்பஸில் எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கு. ஒரு தறி போன வீட்டில் அந்தச் சம்பளம் சின்ன விஷயம் இல்லை. கணிதம் படிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை, தரமணியில் 1962-ல் ஆல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கின கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் எல்லாம் எங்க ஊரிலிருந்து பஸ் தூரம்தான். ஆனா தூரம் பிரச்சினையே இல்லை. அதுவரை கோர்வைக்கு யார் உட்காருவது, வாங்கின அட்வான்ஸை யார் கழிப்பது என்பதுதான் பிரச்சினை.

அப்பா ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லலை. மூணாவது நாள், "பரீட்சை எழுது. கிடைச்சா பேசிக்கலாம். ஆஃபரையும் விட்டுடாதே" என்றார். அம்மா, "கரை நாடாவை நான் தள்ளறேன், என்ன இப்போ" என்றாள். நுழைவுத் தேர்வுக்குப் பதிவு பண்ணிட்டேன். ஆஃபர் லெட்டரும் பத்திரமா இருக்கு.

உங்களுக்கு ஒரு கணக்கு. எஸ்5-ல் வகைகளின் எண்ணிக்கை 1, 10, 15, 20, 20, 30, 24. கூட்டினா 120. இதில் 1 + 15 + 24 = 40, அது 120-ஐ வகுக்கும். ஆனாலும் அது உட்குலம் இல்லை. ஏன்? 15 என்பது ரெண்டு ஜோடியா மாத்தற வகை. அதிலிருந்து ரெண்டை எடுத்துப் பெருக்கிப் பாருங்க, அதுவே போதும். விடையைக் கையெழுத்தில் போட்டு போட்டோ எடுத்து இதழ்க் குழுவுக்கு அனுப்புங்க. தெளிவான விடை அடுத்த இதழில் வரும்.